ஏழைக்கு யார் ஜாமீன்?

ஸ்ரீமுஷ்ணத்துக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒரு தடவை அவசியம் போய் வாருங்கள். பீங்கான் சாமான்களுக்குப் பேர் போன விருத்தாசலத்தில் பஸ் ஏறினால் தென்கிழக்கே சுமார் இருபது கிலோமீட்டர். அங்கே கோயில் கொண்டிருக்கிறார் பூவராகப் பெருமாள். சின்னஞ்சிறு திருமேனி. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, "யாரடா அவன்?" என்று கேட்பது போல நிற்கிறார். ஹிரண்யாக்ஷன் பூமியைக் கொண்டுபோய்க் கடலுக்குள் சிறை வைத்தபோது, வராக உருவம் எடுத்துப் போய் மீட்டு வந்தவர் அல்லவா? அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை போலிருக்கிறது!

பெருமாளைச் சேவித்துவிட்டு வெளியே வந்து ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என் தோளில் தொங்கிய பையையும் கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தையும் பார்த்தவர், "தம்பி பத்திரிகைக்காரரோ?" என்றார்.

"ஆமாங்க ஐயா."

"அப்படின்னா ஒண்ணு சொல்லுங்க. டில்லியிலே ஜனாதிபதி அத்தனை பெரிய மாளிகையிலே இருக்காங்க. எங்க ஊர்ப் பக்கத்திலே கூலிக்காரன் ஒருத்தனைப் பிடிச்சு ஜெயில்லே போட்டா, அவங்களாலே ஏதாச்சும் செய்ய முடியுமா? இல்லே, நீட்டின இடத்திலே கையெழுத்துப் போடறதோட சரியா?"

டீ சூடாக இருந்தது. கேள்வி அதைவிடச் சூடாக இருந்தது. எனக்குத் தெரிந்த பதிலை அன்று அவரிடம் சொன்னேன். அதையே இங்கே உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

பேனாவும் கருணையும்

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். போலீஸும் சிறைச்சாலையும் நமது அரசியல் சட்டப்படி மாநில சர்க்காரைச் சேர்ந்தவை. 340 அறைகள் கொண்ட மாளிகையில் இருந்தாலும், ஸ்ரீமுஷ்ணம் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு கான்ஸ்டபிளை இடம் மாற்ற ஜனாதிபதியால் ஆகாது. மந்திரிசபையின் ஆலோசனைப்படிதான் அவர் நடக்க வேண்டும். அமெரிக்காவில் கதை வேறு. அங்கே ஜனாதிபதிதான் சர்க்கார். ஒபாமா தமது எட்டு வருஷப் பதவிக் காலத்தில் 1,715 கைதிகளின் தண்டனையைக் குறைத்தார். 2015-ல் ஓக்லஹோமாவிலுள்ள ஒரு மத்திய சிறைக்கே நேரில் போய்க் கைதிகளோடு உட்கார்ந்து பேசினார். பதவியிலிருக்கும் ஓர் அமெரிக்க ஜனாதிபதி அப்படி மத்திய சிறைக்குள் போனது அதுவே முதல் தடவை.

நம் ஜனாதிபதியிடம் இருப்பவை இரண்டே இரண்டு.

ஒன்று, பேனா. பார்லிமெண்ட் நிறைவேற்றும் மசோதா அவர் கையெழுத்துப் போட்டால்தான் சட்டமாகும். பிடிக்காவிட்டால் ஒரு தடவை திருப்பி அனுப்பலாம். நமது ராமேசுவரத்துக் கலாம் 2006-ல் ஒரு மசோதாவை அப்படித் திருப்பி அனுப்பினார். பார்லிமெண்ட் அதையே மறுபடி நிறைவேற்றி அனுப்பியது; அவரும் கையெழுத்துப் போட்டார். வேறு வழியில்லை. 1860-ம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டம், 1973-ம் வருஷத்துக் குற்ற விசாரணை முறைச் சட்டம், 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் ஆகிய மூன்றுக்கும் பதிலாக வந்த புதிய சட்டங்களில் ஜனாதிபதி திரௌபதி முர்மு 2023 டிசம்பர் 25-ல் கையெழுத்திட்டார். 2024 ஜூலை 1 முதல் அவை அமலுக்கு வந்தன. அவற்றின் வடமொழிப் பெயர்களைக் கண்டு நம் ஊர் வக்கீல்கள் முகம் சுளித்ததும் ஊர்வலம் போனதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

இரண்டாவது, கருணை. அரசியல் சட்டத்தின் 72-வது ஷரத்துப்படி ஜனாதிபதி தூக்குத் தண்டனையை ஆயுள் தண்டனையாக மாற்றலாம், மன்னிக்கவும் செய்யலாம். ஆனால் இதற்கும் மந்திரிசபையின் ஆலோசனை வேண்டும். பைல் மேஜையில் எத்தனை நாள் தூங்கலாம் என்பதற்கு மட்டும் சட்டத்தில் கணக்கில்லை. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மூவரின் கருணை மனுக்கள் 2000-ல் டில்லிக்குப் போயின. 2011-ல்தான் "இல்லை" என்ற பதில் வந்தது. இவ்வளவு காலம் ஒரு மனிதனைத் தூக்குக் கயிற்றின் நிழலில் வைத்திருப்பது நியாயமல்ல என்று, 2014-ல் சுப்ரீம் கோர்ட் அவர்களுடைய தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது.

கலாம் தமது பதவிக் காலத்து நினைவுகளை எழுதியபோது ஓர் உண்மையைச் சொல்லியிருக்கிறார். தேங்கிக் கிடந்த கருணை மனுக்களை ஆராயச் சொன்னாராம். ஏறக்குறைய எல்லா வழக்குகளிலும் சமூக ஏற்றத்தாழ்வும் ஏழ்மையும் கலந்திருந்ததைக் கண்டு ஆச்சரியப்பட்டாராம். தூக்கு மேடை வரை போகிறவர்கள் பெரும்பாலும் ஏழைகள்தான் என்பது டீக்கடைப் பெரியவருக்கு ஆச்சரியமாக இருக்காது. ஆனால் ஒரு ஜனாதிபதி அதை எழுதி வைத்தாரே, அது பெரிய விஷயம்.

பேனாவும் கருணையும் மந்திரிசபையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஆனால் கேள்வி கேட்கும் வாய்க்கு அந்தக் கட்டுப்பாடு அவ்வளவு இல்லை. அந்த வாய் 2022-ல் ஒரு நாள் திறந்தது.

அச்சிட்ட காகிதம் மூடப்பட்டது

2022 நவம்பர் 26. அரசியல் சட்ட தினம். டில்லியில் சுப்ரீம் கோர்ட் நடத்திய விழா. பிரதம நீதிபதி, மற்ற நீதிபதிகள், சட்ட மந்திரி, பெரிய பெரிய வக்கீல்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். ஜனாதிபதி முர்மு, எழுதி வைத்திருந்த ஆங்கிலப் பிரசங்கத்தை வாசித்தார். வழக்கமான உரை, வழக்கமான கைதட்டல். அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. காகிதத்தை விட்டுவிட்டு ஹிந்தியில் மனம் திறந்து பேச ஆரம்பித்தார். அவர் ஒடிஸாவின் மயூர்பஞ்ச் ஜில்லாவில், உபர்பேடா என்ற சிறு கிராமத்தில், சந்தால் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்தவர். குமாஸ்தாவாகவும் ஆசிரியையாகவும் வேலை பார்த்தவர். 1997-ல் ராய்ரங்பூர் கவுன்சிலராகப் பொது வாழ்வுக்கு வந்து, பிறகு எம்.எல்.ஏ. ஆனவர். சட்டசபை உறுப்பினராக இருந்தபோது சிறைகளுக்குப் போய்ப் பார்த்ததையும், பிற்பாடு ஜார்க்கண்ட் கவர்னராக இருந்தபோது கண்டதையும் சொன்னார்.

யாரையோ ஒரு அறை அறைந்துவிட்டு வருஷக்கணக்கில் சிறையில் கிடக்கிறவர்கள் இருக்கிறார்கள். தங்களுக்கு என்ன உரிமை உண்டு என்பதே அவர்களுக்குத் தெரியாது. வீட்டார் ஏன் வெளியே எடுக்கவில்லை? வழக்கு நடத்தப் போனால் வீட்டிலிருக்கும் பாத்திரம் பண்டங்களையும் விற்க வேண்டி வருமே என்ற பயம். சிறைகள் நிரம்பி வழிகின்றன, இன்னும் புதிய சிறைகள் கட்ட வேண்டும் என்கிறார்களே, நாடு முன்னேறுகிறது என்றால் சிறை எதற்காகப் பெருக வேண்டும்? குறையத்தானே வேண்டும்? இதுதான் அவர் கேட்டதன் சாரம். சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் நீங்களே புரிந்துகொள்ளுங்கள் என்று நீதிபதிகளைப் பார்த்துக் கூறி முடித்தார்.

அவர் பேசிய சமயத்தில் கைக்குக் கிடைத்திருந்த சர்க்கார் கணக்கு 2021-ம் வருஷக் கடைசியைப் பற்றியது. அதன்படி நாட்டின் சிறைகளில் 5,54,034 பேர். அவர்களில் 4,27,165 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நூற்றுக்கு எழுபத்தேழு பேர் மீது குற்றம் ருசுவாகவில்லை! குற்றவாளி என்று கோர்ட் சொல்லாத மனிதர்களைக் கொண்டுதான் நமது சிறைச்சாலைகள் நிரம்பியிருக்கின்றன.

ஒரு மூட்டை முந்திரிக்கொட்டை

இது எப்படி நடக்கிறது? டில்லியை விட்டுவிட்டு நம் ஸ்ரீமுஷ்ணம் பக்கமே வருவோம். ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன், யாரையும் குறிப்பிடவில்லை.

முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கும் கூலிக்காரன் ஒருவன். ஒரு மூட்டை முந்திரிக்கொட்டையைத் திருடிவிட்டான் என்று புகார். மூட்டையின் மதிப்பு ஐயாயிரம் ரூபாய்க்கு மேல். திருடினானோ இல்லையோ, அது பின்னால் தெரிய வேண்டிய விஷயம். போலீஸார் பிடித்து மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்துகிறார்கள். ரிமாண்டு. சிறைவாசம். சில நாள் கழித்து ஜாமீனும் கிடைத்துவிடுகிறது. "அப்புறம் என்ன, வீட்டுக்குப் போக வேண்டியதுதானே!" என்பீர்கள்.

அங்கேதான் சங்கடம். ஜாமீன் உத்தரவில், "இரண்டு நபர் ஜாமீன்" என்று இருக்கும். அந்த இரண்டு பேரும் வீட்டு வரி ரசீதோ, சொத்து மதிப்புச் சான்றோ காட்ட வேண்டும். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுக் கோர்ட்டுக்கு வர வேண்டும். கூலிக்காரனின் சிநேகிதனும் கூலிக்காரன்தான். அவனுக்கு ஏது சொத்து? பணக்காரன் வந்து கையெழுத்துப் போடுவானா? தோப்புக்காரரைப் பகைத்துக்கொள்ள ஊரில் யாருக்குத் துணிச்சல்? பெஞ்சாதி கைக்குழந்தையோடு கோர்ட் வாசலில் நின்று நின்று பார்த்துவிட்டு, கடைசியில் கூலிக்குப் போய்விடுகிறாள். குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டுமே!

ஆக, கதவு திறந்தாகிவிட்டது. ஆனாலும் மனிதன் உள்ளேதான் இருக்கிறான்.

இது இன்று நேற்று ஏற்பட்ட வியாதி அல்ல. மத்தியப் பிரதேசத்தில் மோத்தி ராம் என்ற கொத்தனார் ஒருவர். அவரை ஜாமீனில் விடச் சுப்ரீம் கோர்ட்டே உத்தரவிட்டது. கீழ்க் கோர்ட் மாஜிஸ்ட்ரேட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். அண்ணன் தம்பி வந்து ஜாமீன் கொடுத்தால், "சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறது, செல்லாது" என்று தள்ளிவிட்டார். மோத்தி ராம் மறுபடியும் சுப்ரீம் கோர்ட் படியேறினார். 1978-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கேட்டுக் கொதித்துப் போனார். தென்னாட்டுக்காரன் ஒருவன் வடக்கே எங்கோ பிடிபட்டால், அந்த ஊர்ச் சொத்துக்காரனுக்கு அவன் எங்கே போவான் என்று கேட்டார். ஏழையின் தகுதிக்கு மிஞ்சிய ஜாமீன் கேட்பது ஜாமீன் மறுப்பதற்குச் சமானம் என்ற கருத்து அன்றே நிலைபெற்றது.

நியாயம் அப்போதே சொல்லப்பட்டாகிவிட்டது. நாற்பத்து நாலு வருஷம் கழித்து ஒரு ஜனாதிபதி வந்து அதே கேள்வியை மறுபடி கேட்க வேண்டியிருந்தது. தீர்ப்புகள் புத்தகத்தில் பத்திரமாக இருந்தன. மனிதர்கள் சிறையில் பத்திரமாக இருந்தார்கள்!

மூன்றே நாளில்

ஆனால் இந்தத் தடவை கேள்வி காற்றோடு போகவில்லை. மூன்றே நாள் கழித்து, நவம்பர் 29-ல், நீதிபதிகள் கவுலும் ஓகாவும் அமர்ந்த பெஞ்சு ஓர் உத்தரவு போட்டது. ஜாமீன் கிடைத்தும் நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் உள்ளே இருப்பவர்கள் யார் யார் என்று சிறை அதிகாரிகள் பட்டியல் கொடுக்க வேண்டும்; பதினைந்து நாள் கெடு. 

2023 ஜனவரி 31-ல் சுப்ரீம் கோர்ட் விதிமுறைகளே வகுத்துவிட்டது. அவற்றை மனசில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். என்றைக்காவது யாருக்காவது உதவும்.

ஜாமீன் உத்தரவை அன்றைக்கோ மறுநாளோ ஈ-மெயிலில் சிறை சூப்பரிண்டெண்டுக்கு அனுப்பிவிட வேண்டும். ஏழு நாளுக்குள் கைதி வெளியே போகவில்லை என்றால், சூப்பரிண்டெண்டு ஜில்லா சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். செயலாளர் ஒரு வக்கீலையோ சட்டத் தொண்டரையோ அனுப்பி, "உனக்கு என்ன இடைஞ்சல்?" என்று விசாரிக்க வேண்டும். கைதியின் குடும்ப நிலையைப் பற்றி அறிக்கை தயாரித்துக் கோர்ட்டுக்குக் கொடுக்கலாம். "வெளியே போய் ஜாமீன்தாரரைத் தேடிக் கொண்டு வருகிறேன்" என்று கைதி கேட்டால், தற்காலிகமாக விடுவதைக் கோர்ட் யோசிக்கலாம். ஒரு மாதம் ஆகியும் ஜாமீன் கொடுக்க முடியவில்லை என்றால், யாரும் கேட்காமலே கோர்ட் தானாக நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி ஆலோசிக்கலாம். உள்ளூர் ஜாமீன்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். மோத்தி ராமின் ஆத்மா அன்றைக்குச் சற்றுச் சாந்தி அடைந்திருக்கும்!

அதற்கு மறுநாள் மத்திய பட்ஜெட். ஏழைக் கைதிகளுக்குப் பண உதவி என்று ஒரு திட்டம் அதில் அறிவிக்கப்பட்டது. தொடக்கத்தில் வகுத்த விதிகளின்படி, விசாரணைக் கைதிக்கு ஜாமீனுக்காக 40,000 ரூபாய் வரை; தண்டனை முடிந்தும் அபராதம் கட்ட முடியாமல் இருப்பவருக்கு 25,000 ரூபாய் வரை.

ஜனாதிபதி பிற்பாடு கையெழுத்திட்ட புதிய நடைமுறைச் சட்டத்திலும் இதற்கு ஒரு பிரிவு உண்டு. 479-வது பிரிவு. ஒரு குற்றத்துக்கு அதிகபட்ச தண்டனை எவ்வளவோ அதில் பாதிக் காலம் விசாரணைக் கைதியாகக் கழித்தவரை ஜாமீனில் விட வேண்டும் என்பது பழைய விதி. முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டனை அடையாதவராக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு போதும் என்பது புது விதி. நம் முந்திரிக்கொட்டைக் கூலிக்காரனையே எடுத்துக்கொள்ளுங்கள். திருட்டுக்கு அதிகபட்சம் மூன்று வருஷம். முதல் தடவை என்றால் ஒரு வருஷத்தில் அவனை வெளியே விட வேண்டும். இதற்காகக் கோர்ட்டுக்கு விண்ணப்பம் போட வேண்டிய பொறுப்பும் சிறை சூப்பரிண்டெண்டுடையது. சட்டம் வருமுன்பே உள்ளே இருந்தவர்களுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. தூக்கு அல்லது ஆயுள் தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு இந்தச் சலுகை இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் இல்லை.

இன்னொன்று. மூட்டை ஐயாயிரத்துக்குள் இருந்து, முதல் தடவையாகவும் இருந்து, பொருளைத் திருப்பிக் கொடுத்தும் விட்டால், சிறையே வேண்டாம், சமுதாய சேவை போதும் என்று புதிய தண்டனைச் சட்டம் சொல்கிறது. கோயில் குளத்தைத் தூர் வாரச் சொன்னால் ஊருக்கும் நல்லது, அவனுக்கும் நல்லது அல்லவா?

ஸ்டேஷன் வாசல் வரை எட்டுமா?

"எல்லாம் சரி தம்பி. இதெல்லாம் ஜெயிலுக்குப் போனப்புறம். அதுக்கு முந்தி, ஸ்டேஷன்லே என்ன நடக்குது?" என்றார் பெரியவர். அவர் குரல் தாழ்ந்துவிட்டது. காரணம் எனக்குத் தெரியும்.

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வெகு தூரத்தில் இல்லை முதனை கிராமம். 1993-ல் அந்த ஊர் ராஜாக்கண்ணு என்ற ஏழைத் தொழிலாளி, ஒரு திருட்டுப் புகாரின் பேரில் போலீஸ் காவலுக்குக் கொண்டு போகப்பட்டார். உயிரோடு திரும்பவில்லை. அவருடைய மனைவி படிப்பறியாதவர். ஆனாலும் சென்னை ஹைகோர்ட் வரை போனார். பின்னாளில் அதே ஹைகோர்ட்டில் நீதிபதியாக விளங்கிய சந்துரு அப்போது வக்கீல். அவர் அந்த அம்மாளுக்காக ஆட்கொணர்வு மனுப் போட்டு வாதாடினார். உண்மை வெளிவந்தது. 2021-ல் வந்த "ஜெய் பீம்" சினிமாவுக்கு ஆதாரம் அந்த வழக்குதான்.

காவலில் வைத்தவரை எப்படி நடத்த வேண்டும் என்று 1996-ல் டி.கே. பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட் விதித்தது. கைது செய்தவுடன் உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், குறிப்பு எழுதி வைக்க வேண்டும், வைத்தியப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றெல்லாம் சொன்னது. 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில், போலீஸ் மீது வரும் புகார்களை விசாரிக்கத் தனி அமைப்பு வேண்டும் என்றது. 2020-ல் எல்லா ஸ்டேஷன்களிலும் காமிராக்கள் வேண்டும் என்றது. இவற்றில் எதையும் ஜனாதிபதி நேரே வந்து நடத்தி வைக்க முடியாது. நடத்தி வைக்க வேண்டியவை மாநில சர்க்கார்கள்.

பண உதவித் திட்டத்தின் கதியும் அப்படித்தான். பல மாநிலங்கள் முன்வந்து பயன்படுத்திக்கொள்ளவில்லை என்று மத்திய உள்துறையே நினைவூட்டிக் கடிதம் எழுத நேர்ந்தது. 2022 கடைசியில் எடுத்த கணக்கைப் பாருங்கள். சிறையில் 5,73,220 பேர். விசாரணைக் கைதிகள் 4,34,302 பேர். விகிதம் கொஞ்சம் குறைந்தது, தலைகள் கூடிவிட்டன. ஜனாதிபதி பேசிய மாதத்துக்கு அடுத்த மாதக் கணக்கு இது. ஆகையால் அவர் பேச்சை இதை வைத்து எடை போடக் கூடாது. ஆனால் மலை எவ்வளவு பெரியது என்பது தெரிகிறதல்லவா?

நாம் என்ன செய்யலாம்?

இதைப் படிக்கும் உங்களில் பலர் கோர்ட் வாசலை மிதித்தே இருக்க மாட்டீர்கள். மிதிக்க வேண்டாம் என்றே நானும் வாழ்த்துகிறேன். ஆனால் உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாளின் மகனுக்கோ, வயலில் வேலை செய்கிறவருக்கோ இப்படி ஒரு கஷ்டம் வரலாம். உங்களிடம்தான் ஓடி வருவார்கள். "எனக்கு ஏனம்மா வம்பு!" என்று கதவைச் சாத்திவிடாதீர்கள்.

1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் ஒன்று இருக்கிறது. காவலில் உள்ளவர் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், அவருக்கு இலவச வக்கீல் உண்டு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தாழ்த்தப்பட்டவர்களுக்கும் பழங்குடியினருக்கும் அப்படியே. பக்கத்திலுள்ள கோர்ட்டுக்குப் போய், "சட்டப் பணிகள் குழு எங்கே?" என்று கேட்டால் போதும். டெலிபோனில் 15100 என்ற எண்ணைச் சுழற்றினாலும், அதாவது இந்தக் காலத்தில் அழுத்தினாலும், வழி சொல்வார்கள்.

இதைச் சொன்னவுடன் பெரியவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "நம்பரை மறுபடி சொல்லுங்க தம்பி" என்று கேட்டுப் பேப்பர் ஓரத்தில் எழுதிக்கொண்டார். அந்த ஓரத்தை மட்டும் கவனமாகக் கிழித்தார். அதைத் தமக்கு வைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். எழுந்து போய், டீ ஆற்றிக்கொண்டிருந்த பையனிடம் கொடுத்தார்.

"உங்க அம்மாகிட்டே கொடுடா. நாளைக்குக் காலையிலே முதல் பஸ்ஸுக்கு நானும் வர்றேன்னு சொல்லு. வீட்டு வரி ரசீது எங்கிட்டே இருக்கு."

பையன் காசு வாங்க மறுத்துவிட்டான். நான் வற்புறுத்தி வைத்துவிட்டு, விருத்தாசலம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.